உதட்டுல ப-வும் ம-வும் ஒண்ணுதான்

ஜூன் 3, செவ்வாய்

முதலாளி இன்னிக்கி குடோனுக்குள்ள தண்ணி கேன் கொண்டாந்து வெச்சாரு. அதுவும் அவரே தோள்ல தூக்கிட்டு வந்தாரு. நான் பொறந்ததுல இருந்து இந்தத் தறிக்குடோன்லதான் கெடக்கறேன். இருவது வருசத்துல இந்த மனுசன் ஒரு தம்ளர் வெச்சதில்ல. ஏதோ இருக்குது.

அதான் இந்த டைரிய எடுத்தேன். நூல் கம்பெனிக்காரன் பொங்கலுக்கு ஓசில குடுத்தது, அஞ்சு மாசமா கடுகு டப்பாவுக்கு அடியில கெடந்துச்சு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தத் தேதியில யாரு என்ன பண்ணுனாங்கன்னு சாட்சி வேணும். எழுதி வெச்சாத்தான் சாட்சி.

நான் மோனிஷா. தார் சுத்தறேன். தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள மாட்டற நூல்கண்டுதான் தாரு. அம்மா பேரு பழனாத்தா, அதே குடோன்ல ஆறு தறி ஓட்டுது. குடோனுக்குப் பின்னாடி லைன் வீடு, முதலாளி சென்னியப்பன் குடுத்தது. தறி ஓட்டற வரைக்கும் வீடு. தறிய உட்டா வீட்டையும் உடணும். பாலிடெக்னிக் மூணாவது செமஸ்டர்ல நான் நின்னுட்டேன். புடிக்கல, நின்னுட்டேன், அவ்வளவுதான்.

கேனுக்குப் பின்னாலயே ஒரு வெள்ள வேன் வந்துச்சு. 'தொழிலாளர் நல மையம்'னு எழுதிருந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஜெஸிந்தான்னு ஒரு பொம்பள. குடோன் குடோனாப் போயி முதலாளிமாருகிட்ட, உங்க ஆளுக ஒடம்பப் பாருங்க, காதப் பாருங்க, நடுவுல ஓய்வு குடுங்கன்னு சொல்றதுதான் வேலையாமா. அதுக்கு ஒரு சம்பளம்!

பஞ்சு தூசின்னு வாயில மாஸ்க் வேற. எங்கிட்ட கா மணி நேரம் பேசுச்சு, ஒரு வார்த்த வெளங்கல. வாய மூடிட்டுப் பேசறவங்கள நம்பவே கூடாது.

ஜூன் 4, புதன்

குக்கர் ரிப்பேர். விசில் வர மாட்டீங்குது. நானும் அம்மாவும் அடுப்புக்கு முதுகக் காட்டி உக்காந்து பூண்டு உரிச்சிட்டே இருந்தோம், சோறு கஞ்சியாயிருச்சு. பக்கத்து வீட்டு கோமதியக்கா வந்து, "ஏனுங்க்கா, பத்து விசிலாச்சு, கல்லையா வேக வெக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு. பத்தாம், பத்து. அதுக்கு நக்கலு. நாளைக்கு வெயிட்ட மாத்தோணும்.

ஜூன் 6, வெள்ளி

முதலாளி கூப்புட்டு, "அம்மிணி, உன்ற மொபெட்டுல ஜெஸிந்தா மேடத்தக் கூட்டீட்டுப் போயி நம்ம முதலாளிமாரு சங்கத்து ஆளுக குடோனெல்லாம் காட்டீட்டு வா. தார நான் வேற ஆள வெச்சு சுத்திக்கறேன்"ன்னாரு. அரை நாள் கூலிய வெட்டலையாமா! இந்த ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சு.

மூணு குடோன் போனோம். மேடம் கையில சத்தத்த அளக்கற மெஷினு. ஒவ்வொரு எடத்துலயும் நூறு, நூத்தி மூணுன்னு காட்டுச்சு. தொண்ணூறு தாண்டுனாலே நாள்பூரா உள்ள நிக்கறவங்களுக்குக் காது போயிருமாமா. அது காசுல்ல, போனாத் திரும்பாதுன்னு மாஸ்க்க எறக்கி உட்டுட்டு அந்த முதலாளிகிட்டச் சொன்னாங்க. மாஸ்க் இல்லீன்னா நல்லாத்தான் வெளங்குது.

மொத குடோன்காரரு சிரிக்கறாரு. "எங்காளுகளுக்குக் காது கேட்டா வேலைய உட்டுப்போட்டு கத பேசுவாங்க மேடம். கேக்காம இருக்கறதே ரெண்டு பேருக்கும் நல்லது."

ரெண்டாவது ஆளு, "காதுல அடைக்கப் பஞ்சு வேணுமா? தறிக்குடோன்ல பஞ்சுக்கா பஞ்சம்?"ன்னாரு. அவரு ஜோக்குக்கு அவரே மேசையத் தட்டிக்கிட்டாரு.

மூணாவது ஆளுதான் டீ குடுத்தாரு. டீ குடுத்தா ஒண்ணும் தர மாட்டாங்கன்னு அர்த்தம். "சென்னியப்பன் மொதல்ல பண்ணட்டுமுங்க. அவரு சங்கத்துக்கே தலைவரு. அவரு காதுக்கு மூடி குடுத்து, ஓய்வு ரூமு கட்டி, சத்தங் கொறையத் தறிக்கு அடியில ரப்பரு போட்டாருன்னா நாங்களும் பண்ணிக்கறோம்."

வெளிய வந்து மேடம் சிரிச்சாங்க. "பாத்தியா மக்ளே, எல்லாம் உங்க முதலாளி கையிலதான்." நாகர்கோயில் பக்கமாம். ரெண்டே நாள் பழக்கத்துல மக்ளேவாம்.

திரும்பி வரும்போது ஒரு பஸ்காரன் ஹாரனே அடிக்காம பின்னால வந்து ஒட்டி ஒரசிட்டுப் போனான். மேடந்தான் என் தோளப் புடிச்சு ஓரமா இழுத்தாங்க. வண்டிய நிறுத்தி அவன நல்லாத் திட்டுனேன். மேடம் என் மொகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம், "காலேஜ ஏன் உட்ட?"ன்னாங்க. சம்பந்தமே இல்லாத கேள்வி.

"வாத்தியாருக போர்டப் பாத்துட்டே பேசுவாங்க. முதுகுல இருந்து பாடம் வருமா?"ன்னேன்.

எதுக்குக் கேக்கறாங்க? யாருகிட்டச் சொல்லப் போறாங்க?

ஜூன் 7, சனி

போன் ஸ்பீக்கர் போச்சு. கடைக்காரன் நல்லாத்தான இருக்குதுங்கறான். அவனும் களவாணி.

ஜூன் 9, திங்கள்

கண்டுபுடிச்சுட்டேன். வரிசையா எழுதறேன்.

குடோனுக்குள்ள நாங்க யாரும் வாயால பேசறதில்ல. இருவத்தி நாலு தறி ஓடறப்ப கத்துனாலும் கேக்காது. அதனால கையும் உதடும்தான். நூல் அறுந்தா ரெண்டு விரலப் பிரிச்சுக் காட்டணும். மீசைய முறுக்குனா முதலாளி வர்றாருன்னு அர்த்தம். மிச்சமெல்லாம் உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவோம். நான் தொட்டில்ல கெடக்கறப்பவே அம்மா உதட்டப் பாத்து வளந்தவ. அம்பதடிக்கு அந்தப் பக்கம் யாரு என்ன பேசுனாலும் சொல்லீருவேன். ஒரே கோளாறு, ப-வும் ம-வும் உதட்டுல ஒண்ணுதான். ஒருக்கா அம்மா "மாவு தீந்துருச்சு"ன்னு எனக்குச் சொல்ல, தறி ரிப்பேர் பாக்கற பிட்டர் ரங்கண்ணன், தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலு தீந்துருச்சுன்னு நெனச்சு ஓடற தறிய நிறுத்திட்டாரு. முதலாளி வந்து ஆடுன ஆட்டம் இருக்குதே! ரங்கண்ணன இன்னும் மாவண்ணன்னுதான் கூப்புடறோம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். மத்தியானம் ஆபீஸ் ரூம்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடமும் முதலாளியும் உக்காந்துட்டு இருந்தாங்க. மேடத்துக்கு மாஸ்க். முதலாளி மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. அவரு சொன்னத அப்படியே எழுதறேன்: "காது போனவங்க பத்துப் பேரு இருக்கறாங்கன்னு காட்டுங்க. ஆளுகள நான் மாத்திக்கறேன்."

ஆள மாத்திக்கறாராம்!

தண்ணி கேனு, அரை நாள் கூலி, வேனு, எல்லாம் இதுக்குத்தான். டெஸ்டு பண்ணி, காது போனவங்கள வெளிய தள்ளிட்டு வடக்க இருந்து புது ஆள எறக்கப் போறாரு. அதுக்கு இந்தப் பொம்பள கையாளு. மக்ளேவாம், மக்ளே.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா தட்டக் கழுவிட்டே இருந்துச்சு. தோளத் தட்டித் திருப்பி மறுபடியும் சொன்னேன்.

"முதலாளி அப்படிப் பண்ண மாட்டாருடி. அவரே தறி ஓட்டுன மனுசன்."

"நானே பாத்தேம்மா. மாத்திக்கறேன்னாரு."

அம்மா முந்தானையில கையத் தொடச்சுச்சு. "எனக்கு எடதுபக்கம் சுத்தமா கேக்கறதில்ல சாமி. உனக்குத் தெரியும்ல?"

தெரியாது. ஆனா தெரியும்னேன்.

இந்த வீட்ட உட்டா எங்க போறது? இங்க இருக்கற பாதிப் பேருக்கு இதே கததான். வியாழக்கிழம டெஸ்டு. மேடம் என்னையவே டோக்கன் குடுக்க வெச்சிருக்காங்க. அதுதான் அவங்க பண்ணுன தப்பு.

வேன நேத்தே நல்லாப் பாத்து வெச்சுட்டேன். டெஸ்டுக்கு உக்கார்றவங்க ஜன்னலப் பாத்து உக்காரணும். மேடம் அவங்களுக்குப் பின்னால. காதுல ஹெட்போன் மாட்டி உட்டுட்டு மேடம் ஒரு பட்டன அமுக்குனா சத்தம் வருமாமா. கேட்டா இவங்க கையில இருக்கற பட்டன அமுக்கணும். ஜன்னலுக்கு வெளிய நின்னா மேடத்தோட விரலு எனக்குத் தெரியுது. விரலு அமுங்குனா நான் மூக்கத் தொடுவேன். மூக்கத் தொட்டா அவங்க அமுக்கணும். தறி ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா?

ஜூன் 12, வியாழன்

பத்தொம்பது பேரு. பத்தொம்பது பேரும் பாஸ்.

மாவண்ணன் மட்டும் ரொம்ப நல்லவராட்டம் நான் மூக்கச் சொறிஞ்சப்பவும் அமுக்கிட்டாரு. அம்மா கடைசிக்கு மொத ஆளா உக்காந்துச்சு. அது என் மொகத்தையே பாத்துட்டு இருந்துச்சு, சின்ன வயசுல நான் அதப் பாத்துட்டு இருந்த மாதிரி. கரெக்டா அமுக்குச்சு.

இருவதாவது டோக்கன் என்னுது. மேடம் கை காட்டிக் கூப்புட்டாங்க. வெயில்ல வேனு சூடேறிப்போச்சு, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டேன். எனக்கு எதுக்கு டெஸ்டு? எனக்குத்தான் எல்லாம் தெரியுதே.

ஜூன் 13, வெள்ளி

கோமதியக்கா வடை சுட்டுக் குடுத்துச்சு. எல்லாரும் மூக்கி வாழ்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குப் புதுப் பேரு.

ஜூன் 16, திங்கள்

ரிசல்ட் வந்துச்சு. மேடத்தோட மையத்து டாக்டரு ஒரே வரியில எழுதீட்டாராம், யாருக்கும் குறையில்லைன்னு. முதலாளி தாளத் தூக்கிப் புடிச்சுட்டு சங்கத்து ஆளுகளுக்கெல்லாம் போன் போட்டுக் கத்தறாரு. "இருவது வருசம் ஓட்டுனவங்களுக்கே காது கணீர்னு இருக்குதப்பா! பொறவு எதுக்கு மூடி, எதுக்கு ரூமு?"

மத்தியானம் தண்ணி கேனக் காணோம்.

சாயங்காலம் மேடம் கெளம்பறப்ப என்னைய வேன்கிட்டக் கூப்புட்டாங்க. மாஸ்க்கக் கழட்டி ஜன்னல்ல மாட்டுனாங்க. தாடையில கூட மாஸ்க் இல்லாம அந்த மூஞ்சிய இப்பத்தான் கிட்டத்துல பாத்தேன். திட்டப் போறாங்கன்னு நெனச்சேன்.

"வியாழக்கிழம பூராவும் மூக்கத் தொட்டுட்டே இருந்தியே, சளியா?"

மூக்குகிட்டப் போன கைய எறக்கிட்டேன்.

"சனிக்கிழமதான் டெஸ்டு வரைபடத்த எடுத்து வெச்சுப் பாத்தேன். பத்தொம்பது பேரு காதும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு மக்ளே. டாக்டரு அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டாரு. ஏன் இப்படிப் பண்ணுன?"

"நீங்க ஏன் பண்ணுனீங்க? ஆள மாத்தறதுக்குக் கூட நின்னீங்கல்ல? முதலாளி சொன்னத நான் பாத்தேன். பத்துப் பேரு காட்டுங்க, ஆளுகள மாத்திக்கறேன்னாரு."

மேடம் இன்னும் கிட்ட வந்தாங்க. அப்பறம் என் விரலப் புடிச்சு அவங்க மூக்கு மேல வெச்சாங்க. "மா"ன்னாங்க. மூக்கு அதிர்ந்துச்சு. "பா"ன்னாங்க. அதிரல.

"அவரு சொன்னது இது. பா. பாத்துக்கறேன். பத்துப் பேருக்குக் காது போயிருக்குன்னு நான் காட்டிட்டா, மூடி, ஓய்வு ரூமு, தறிக்கு ரப்பரு எல்லாம் போட்டு ஆளுகளப் பாத்துக்கறேன்னாரு. ரொம்ப மோசமாக் காது போனவங்களுக்கு சத்தமில்லாத துணி மடிப்பு ரூம்ல அதே கூலிக்கு வேல. வேனு வர்றதுக்கு முன்னாடி இருந்தே ரெண்டு மாசமா அவரு வீட்டுக்கு நடந்து நடந்து அவர இந்த அளவுக்குக் கொண்டாந்தேன்."

என் விரலு இன்னும் அவங்க மூக்கு மேலதான் இருந்துச்சு. எடுக்கத் தோணல.

"இப்ப போயி அவருகிட்டச் சொல்லுங்க"ன்னேன்.

"நான் சொன்னா என் மையம் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லுதும்பாரு. வியாழக்கிழம சங்கத்துல கூட்டம். எனக்குக் கடைசியாப் பேச அஞ்சு நிமிசம் குடுத்துருக்காங்க. அதுக்கு மேல இந்த ஊருல எனக்கு வேலையில்ல."

ஜூன் 17, செவ்வாய்

பாத்துக்கறேன். மாத்திக்கறேன். கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டையும் சொல்லிப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல.

ஆனா மேடம் சொல்றதுதான் நெசம்னு எப்படி நம்பறது? நான் போயி உண்மையச் சொல்லி, முதலாளி நெசமாலுமே மாத்திட்டாருன்னா?

ஜூன் 18, புதன்

இன்னிக்கி நூல் கொண்டு வர்ற வேனு குடோன் வாசல்ல ரிவர்ஸ்ல வந்துச்சு. அம்மா அதுக்கு முதுகக் காட்டி நின்னு பாவு நூலு பொறுக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சானாமா, கத்துனானாமா. மாவண்ணன் ஓடிப்போயி அம்மாவத் தள்ளி உட்டாரு. முழங்கை செராய்ச்சுருச்சு.

அம்மாவுக்கு நாலே எட்டுல நான் நின்னுட்டு இருந்தேன். தாரு பொட்டிய அடுக்கிட்டு. நானும் திரும்பல.

அந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சிருப்பான்.

ஜூன் 19, வியாழன்

சங்கத்து மண்டபத்துல முப்பது முதலாளிமாருக. நாங்க நாலஞ்சு பேரு பின்னால. மேடம் பேசி முடிக்கற வரைக்கும் ஆளாளுக்கு போன நோண்டிட்டு இருந்தாங்க. பஞ்சுக்கா பஞ்சம்னவரு மறுக்கா அதையே சொன்னாரு. மறுக்கா சிரிச்சாங்க.

நான் எந்திரிச்சேன். "நாங்க டெஸ்டுல காப்பி அடிச்சோம்"ன்னேன். சத்தமாத்தான் சொல்லிருப்பேன், எல்லாரும் பட்டுன்னு திரும்புனாங்க.

மூக்கு விசயத்தச் சொன்னேன். எல்லாம் நாந்தான், மத்தவங்க மேல தப்பில்லைன்னேன். முதலாளி மொகம் செவந்துருச்சு. "ஏம்புள்ள, என்னைய ஏமாத்துனியா? இல்ல இப்பத்தான் ஏமாத்தறயா? மேடம் சொல்லிக் குடுத்துச்சா?"

"நம்பலீன்னா இப்பவே வெச்சுப் பாருங்க. என்னைய."

"நீ சின்னப் புள்ள. உனக்கென்ன?"

"பாருங்களேன்."

மேடம் பொட்டியத் தெறந்தாங்க. இது முறையான டெஸ்டு இல்லீங்க, உங்களுக்கும் கேக்கட்டும்னுதான்னு சொல்லிட்டு, ஹெட்போனுக்குப் பதிலா ஸ்பீக்கர மாட்டுனாங்க. என்னைய செவுத்தப் பாத்து உக்கார வெச்சாங்க. ஜன்னலில்ல, கண்ணாடியில்ல, வெறும் சுண்ணாம்புச் செவுரு. கேட்டா கையத் தூக்கச் சொன்னாங்க.

மொதல்ல பூம்னு கட்டையா ஒரு சத்தம். தூக்குனேன். அடுத்ததுக்கும் தூக்குனேன். மூணாவதுக்கும் தூக்குனேன். எனக்கு ஒரே சந்தோசம். ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கறேன்.

அப்பறம் மேடம் நிறுத்திட்டாங்க.

சரி, மெஷினத் திருகறாங்க போலன்னு காத்துட்டு இருந்தேன். செவுத்துல ஒரு பல்லி. அது வாலாட்டி முழுச் செவுத்தையும் கடந்து போச்சு. இன்னும் ஆரம்பிக்கல. பின்னால யாரோ நாற்காலிய நகத்துனாங்க, தரையில அதிர்ந்துச்சு. நான் திரும்பி, "ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?"ன்னேன்.

மண்டபத்துல ஒருத்தரும் சிரிக்கல. எல்லா மூஞ்சியும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. ரெண்டு பேரு காதப் பொத்திட்டு இருந்தாங்க.

மேடம் உதடு அசஞ்சுது. மெதுவா, நான் படிக்கற மாதிரி. "நான் நிறுத்தவே இல்ல மக்ளே."

ஜூன் 20, வெள்ளி

நேத்து அதுக்கு மேல எழுத முடியல.

நான் நாற்காலிய உட்டு எந்திரிக்கறதுக்குள்ள அம்மா வந்து, செராய்ச்ச கையோட, செவுத்தப் பாத்து உக்காந்துக்குச்சு. அதுக்குப் பின்னால மாவண்ணன். கோமதியக்கா. ஒருத்தரும் கூப்புடல, வரிசையா வந்து நின்னாங்க.

அம்மா ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்பத்தான் மிச்சத்தச் சொல்லுச்சு. நான் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தப்ப, பல்லு கூசற மாதிரி கீச்சுன்னு சத்தம் வந்துச்சுன்னு கோமதியக்கா சொன்னாங்களாம். எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சப்ப, எங்க முதலாளி மட்டும் பக்கத்து ஆளோட தொடையத் தட்டி, "இன்னும் போடலையா?"ன்னு கேட்டாராமா. அம்மா அவரு உதட்டப் பாத்துருக்குது. ப-வோ ம-வோ, இதுல தப்பாப் படிக்க ஒண்ணுமில்ல. அவரும் பதினஞ்சு வருசம் தறி ஓட்டுனவரு.

காலையில அவரே லைன் வீட்டுக்கு வந்தாரு. வாசல்ல நின்னாரு. உள்ள வாங்கன்னு நான் சொல்லல.

"அம்மிணி, அடுத்த வாரம் வேனு மறுபடி வருது. மூக்கு வேல ஒண்ணும் வேண்டாம்."

"செரிங்க."

"காது போனவங்க எத்தன பேரா இருந்தாலும்…"ன்னு ஆரம்பிச்சு அந்த வார்த்தையச் சொன்னாரு. என் மொகத்துக்கு நேரா, நல்லா வாயத் தெறந்து, மெதுவாத்தான் சொன்னாரு. நானும் கண்ணு இமைக்காமப் பாத்தேன்.

"வாயில சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க"ன்னேன்.

அம்மா பின்னால இருந்து என் சடையப் புடிச்சு இழுத்துச்சு. முதலாளி மொறச்சாரு. அப்பறம் கைய நீட்டுனாரு. எங்கிட்ட வேற தாளில்ல, இந்த டைரியக் குடுத்தேன். வாசப்படியில உக்காந்து முட்டி மேல வெச்சு எழுதுனாரு. கடுகு வாசம் அடிக்குதேன்னாரு. கீழ இருக்கறது அவரு கையெழுத்து. மொத எழுத்த வெளிச்சத்துல புடிச்சு ரெண்டு தடவ பாத்துட்டேன். ப-தான்.

*பார்த்துக்கிறேன். ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். — ஆ. சென்னியப்பன்*